குழந்தைகளின் மூளைக் கட்டி: உடம்பின் காவல்படை ஏன் கைகட்டி நிற்கிறது? புதிய சிகிச்சைகள் மன்னார்குடி வரை வருமா?

மன்னார்குடியில் இருந்து இரவில் கிளம்பும் மன்னை எக்ஸ்பிரஸ் விடியும் நேரத்தில் சென்னை எழும்பூர் போய்ச் சேரும். படிக்கப் போகிறவர்கள், வேலைக்குத் திரும்புகிறவர்கள், கல்யாணத்துக்குப் போகிறவர்கள் என எல்லோரும் ஏறும் வண்டிதான். ஆனால் கையில் பெரிய ஸ்கேன் கவரோடு, தோளில் தூங்கும் குழந்தையோடு ஏறும் குடும்பங்களையும் டெல்டாக்காரர்கள் பார்த்திருப்பார்கள். மாவட்டத் தலைமை அரசு மருத்துவமனை மன்னார்குடியிலேயே இருக்கிறது. திருவாரூரில் 2010-ல் தொடங்கிய அரசு மருத்துவக் கல்லூரி, தஞ்சாவூரில் அதைவிடப் பழைய மருத்துவக் கல்லூரி என்று பக்கத்திலேயே வசதிகள் உண்டு. ஆனாலும் "குழந்தைக்கு மூளையில் கட்டி" என்று எழுதிவிட்டால், பெரும்பாலும் அடுத்த பயணம் சென்னை, வேலூர் அல்லது புதுச்சேரிதான்.

அங்கே போய் உட்கார்ந்ததும் பெற்றோர் கேட்கும் கேள்வி இப்போது மாறியிருக்கிறது. பத்து வருஷத்துக்கு முன்பு "ஆபரேஷன் பண்ணலாமா, கரண்ட் வைக்கணுமா?" என்று கேட்டார்கள். இப்போது போனைக் காட்டி, "இம்யூனோதெரபின்னு போட்டிருக்கே, அது நம்ம பிள்ளைக்கு உண்டா டாக்டர்?" என்கிறார்கள்.

நியாயமான கேள்வி. பெரியவர்களின் தோல் புற்றுநோய், நுரையீரல் புற்றுநோய் போன்றவற்றில் உடலின் நோய் எதிர்ப்பு மண்டலத்தைத் தட்டி எழுப்பும் மருந்துகள் பெரிய மாற்றத்தைக் கொண்டு வந்திருக்கின்றன. குழந்தைகளின் மூளைக் கட்டியில் மட்டும் அது ஏன் சுலபமாக நடக்கவில்லை? எங்கே நடந்திருக்கிறது? டெல்டாவில் இருக்கும் ஒரு குடும்பம் இதில் எதை நம்பலாம், எதை நம்பக் கூடாது? விரிவாகப் பார்க்கலாம்.

மூளைக்குள் எதிர்ப்பு சக்தி இருக்கிறதா?

மூளை ஒரு தனித் தீவு, நோய் எதிர்ப்பு செல்கள் உள்ளே நுழையவே முடியாது என்றுதான் நீண்ட காலம் பாடப்புத்தகங்கள் சொல்லி வந்தன. 1948-ல் பிரிட்டிஷ் விஞ்ஞானி பீட்டர் மெடவார் செய்த சோதனையை இதற்கு ஆதாரமாகக் காட்டுவார்கள். வேறு விலங்கின் தோலை உடலில் ஒட்டினால் உடல் அதை விரட்டிவிடும். அதே தோலை மூளைக்குள் வைத்தால் அந்த விரட்டல் சரியாக நடக்கவில்லை என்பது அவர் கண்டது.

2015-ல் இந்தக் கதை ஆட்டம் கண்டது. மூளையைச் சுற்றியிருக்கும் உறையில் நிணநீர்க் குழாய்கள் இருப்பதை இரண்டு ஆய்வுக் குழுக்கள் எலிகளில் தனித்தனியாகக் காட்டின. அதாவது மூளையில் இருந்து கழுத்தில் உள்ள நிணநீர் முடிச்சுகளுக்கு வழி இருக்கிறது, தகவல் போகிறது. ஆக, தீவு இல்லை. கெடுபிடி அதிகமான எல்லைச் சாவடி என்று சொல்லலாம்.

இந்தச் சாவடிக்கு உள்ளேயே பிறந்து வளர்ந்த காவலர்களும் உண்டு. மைக்ரோக்ளியா என்று பெயர். கரு உருவாகும் மிக ஆரம்ப நாட்களிலேயே மூளைக்குள் குடியேறிவிடும் செல்கள் இவை. செத்த செல்களைச் சுத்தம் செய்வது, நரம்பு இணைப்புகளைச் சீராக்குவது எல்லாம் இவற்றின் வேலை. குழந்தையின் மூளை வளர்ந்துகொண்டே இருப்பதால் இவை 'வளர விடு, சரிசெய்' என்ற மனநிலையிலேயே இருக்கின்றன. சண்டை போடும் மனநிலை குறைவு. இந்தக் குணத்தைத்தான் கட்டி தனக்குச் சாதகமாக்கிக் கொள்கிறது.

பெரியவர்கள் கட்டி வேறு, குழந்தைகள் கட்டி வேறு

புகை, வெயில், வயசு என்று பல வருஷம் அடிபட்டு உருவாகும் பெரியவர்களின் புற்றுநோயில் மரபணுப் பிழைகள் நூற்றுக்கணக்கில், சிலவற்றில் ஆயிரக்கணக்கில் இருக்கும். பிழை அதிகம் என்றால் அந்த செல் 'வேற்று ஆள்' மாதிரி தெரியும். டி செல் எனும் வேட்டைக்கார வெள்ளை அணுக்கள் சுலபமாக அடையாளம் கண்டுகொள்ளும்.

குழந்தைகளின் மூளைக் கட்டி அப்படியில்லை. மூளை உருவாகும்போதே ஏதோ ஒரு செல்லின் வளர்ச்சிப் பாதை தடம் மாறியதால் வருவது அது. பிழைகளின் எண்ணிக்கை மிகக் குறைவு. வயலில் நெல் நாற்றுக்கு நடுவே அதே பச்சையில், அதே உயரத்தில் நிற்கும் புல் களையைப் பழகிய கைதான் கண்டுபிடித்துப் பிடுங்கும். டி செல்லுக்கு இங்கே அந்தச் சிக்கல்தான். எதிரி, வீட்டுப் பிள்ளை மாதிரியே இருக்கிறான்.

அடையாளம் கண்டாலும் போய்ச் சேர வேண்டுமே? கட்டிக்குள் டி செல்கள் நிறைய இருந்தால் மருத்துவர்கள் அதைச் 'சூடான' கட்டி என்கிறார்கள். இல்லாவிட்டால் 'குளிர்ந்த' கட்டி. குழந்தைகளின் ஆபத்தான மூளைக் கட்டிகளில் பல, குளிர்ந்த வகை. மேட்டூர் திறந்துவிட்டார்கள், ஆற்றில் தண்ணீர் போகிறது, ஆனால் கடைமடை வயல் காய்ந்து கிடக்கிறது என்றால் டெல்டாவில் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. ரத்தத்தில் டி செல் ஓடுகிறது, கட்டிக்குள் வரவில்லை. நிலைமை அதுதான்.

எல்லாக் கட்டியும் ஒன்றா? இல்லவே இல்லை

'மூளைக் கட்டி' என்ற ஒரே சொல்லில் நாம் அடக்குவது பல நோய்களை. அவற்றுக்குள் இருக்கும் எதிர்ப்பு செல்களின் கலவையும் ஒன்றுக்கொன்று மாறுபடுகிறது.

முதலில், மெதுவாக வளரும் கிளையோமா. குழந்தைகளிடம் அதிகம் காணப்படும் மூளைக் கட்டி இதுதான். சரியான சிகிச்சை கிடைத்தால் பெரும்பாலான பிள்ளைகள் பல்லாண்டு வாழ்வார்கள். குழந்தைப் புற்றுநோய்க்காக உலக சுகாதார நிறுவனம் தனிக் கவனத்துக்கு எடுத்துக்கொண்ட ஆறு நோய்களில் இதுவும் ஒன்று. இந்தக் கட்டிக்குள் மைக்ரோக்ளியா குவிந்து கிடக்கும், டி செல்லும் ஓரளவு உண்டு. அப்போ நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் நியூரோஃபைப்ரோமடோசிஸ் முதல் வகை எனும் பரம்பரைக் கோளாறோடு வரும் பார்வை நரம்புக் கட்டியை எலிகளில் ஆராய்ந்தபோது வேறு சங்கதி தெரிந்தது. நரம்பு செல் டி செல்லைத் தூண்டுகிறது, டி செல் மைக்ரோக்ளியாவுக்குச் சைகை கொடுக்கிறது, மைக்ரோக்ளியா கட்டிக்கு வளர்ச்சிப் பொருளை ஊட்டுகிறது. வேலியே பயிரை மேய்கிற கதை. இப்படிப்பட்ட இடத்தில் 'எதிர்ப்பு சக்தியைக் கூட்டுகிறேன்' என்று கிளம்புவது உதவுமா, கெடுக்குமா என்பதே யோசிக்க வேண்டிய விஷயம்.

அடுத்தது மெடுல்லோபிளாஸ்டோமா. பின்மண்டையில், சிறுமூளையில் வரும் வேகமான கட்டி. 2012-ல் விஞ்ஞானிகள் இதை மரபணு அடிப்படையில் நான்கு பிரிவாகப் பிரித்தார்கள். மைக்ரோஸ்கோப்பில் ஒரே மாதிரி தெரியும் கட்டி, உள்ளே நான்கு விதமாக நடந்துகொள்கிறது. 'வின்ட்' எனும் பிரிவில் பத்தில் ஒன்பது குழந்தைகளுக்கு மேல் பிழைக்கிறார்கள். 'குரூப் 3' எனும் பிரிவில் நிலைமை மிக மோசம். 'எஸ்எச்எச்' எனும் பிரிவில் மேக்ரோஃபேஜ் எனும் விழுங்கும் செல்கள் மற்றவற்றைவிட அதிகம். எந்தப் பிரிவு என்று தெரியாமல் சிகிச்சையின் அளவைத் தீர்மானிப்பது இன்றைய தேதியில் அரைகுறை வேலை.

மூன்றாவதுதான் டிஐபிஜி. மூளைத்தண்டின் 'பான்ஸ்' எனும் பகுதியில் வருவது. மூச்சு, விழுங்குதல், கண் அசைவு எல்லாவற்றுக்கும் நரம்புகள் போகும் குறுகலான இடம் அது. கட்டி அந்த நரம்புகளுக்கு இடையில் புல் வேர் மாதிரி ஓடியிருக்கும், வெட்டி எடுக்க முடியாது. கண்டுபிடித்த பிறகு பெரும்பாலான குழந்தைகள் ஓராண்டு தாண்டுவதே அரிது. நிலவில் கால் வைத்த நீல் ஆம்ஸ்ட்ராங்கின் மகள் கேரன், 1962-ல் இரண்டு வயதில் இறந்தது இந்த நோயால்தான். அவளுக்குக் கொடுக்கப்பட்டது ரேடியேஷன். அறுபது ஆண்டுகள் கழித்தும் முதல் சிகிச்சையாக இருப்பது அதே ரேடியேஷன். இந்தக் கட்டிக்குள் டி செல்கள் மிக மிகக் குறைவு. அழற்சியும் இல்லை, சண்டையும் இல்லை. காவல்படைக்குத் தகவலே போகாத வீடு மாதிரி.

பெரியவர்களுக்குப் பலித்த மருந்து குழந்தைகளுக்குப் பலித்ததா?

டி செல்லுக்கு ஒரு பிரேக் உண்டு. பிடி-1 என்று பெயர். கட்டிகள் அந்தப் பிரேக்கை அழுத்திப் பிடித்துக்கொள்ளும். நிவோலுமாப், பெம்ப்ரோலிசுமாப் போன்ற மருந்துகள் அந்தப் பிடியை விடுவிக்கும். குழந்தைகளின் தீவிர மூளைக் கட்டிகளில் நிவோலுமாபைத் தனியாகவும் வேறொரு மருந்தோடு சேர்த்தும் கொடுத்துப் பார்த்தார்கள். 2023-ல் வெளியான அந்தப் பெரிய சோதனையின் முடிவில் சொல்லிக்கொள்ளும்படியான பலன் இல்லை. காரணம் மேலே சொன்னதுதான். வண்டியே நிற்காத இடத்தில் பிரேக்கை எடுத்து என்ன ஆகப் போகிறது?

ஆனால் ஒரு விதிவிலக்கு இருக்கிறது. தமிழ்நாட்டுக்காரர்கள் அதைக் கவனமாகப் படிக்க வேண்டும்.

செல் பிரியும்போது மரபணுவில் எழுத்துப் பிழை விழும். அதைத் திருத்தும் 'பிழைதிருத்துநர்' மரபணுக்கள் நம் எல்லோரிடமும் ஜோடியாக இருக்கின்றன. அப்பாவிடம் இருந்து ஒன்று, அம்மாவிடம் இருந்து ஒன்று. இரண்டுமே பழுதான குழந்தை பிறந்தால் சின்ன வயசிலேயே மூளைக் கட்டி, ரத்தப் புற்றுநோய், குடல் புற்றுநோய் வரும் ஆபத்து மிக அதிகம். மிக அரிதான கோளாறு இது. ஆனால் அப்பா, அம்மா இருவரும் ஒரே தாத்தா பாட்டி வழியில் வந்தவர்களாக இருந்தால், பழுதான அதே மரபணு இரண்டு பக்கமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அத்தை மகன், மாமன் மகள், தாய்மாமன் என்று சொந்தத்துக்குள் கல்யாணம் செய்யும் வழக்கம் இந்தியாவில் அதிகம் உள்ள மாநிலங்களில் தமிழ்நாடு முன்வரிசையில் இருக்கிறது. ஐந்தாவது தேசிய குடும்பநல ஆய்வின்படி இங்கே நூற்றில் ஏறக்குறைய 28 பெண்களின் திருமணம் சொந்தத்துக்குள் நடந்தது.

இந்தக் கோளாறு உள்ள குழந்தையின் கட்டியில் பிழைகள் மலைபோல் குவிந்திருக்கும். அதாவது டி செல்லுக்கு அடையாளம் நன்றாகத் தெரியும். 2016-ல் கனடாவின் டொரண்டோ மருத்துவர்கள், திரும்ப வந்த தீவிர மூளைக் கட்டியோடு இருந்த ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் இருவருக்கு நிவோலுமாப் கொடுத்து, கட்டி நன்றாகச் சுருங்கியதைப் பதிவு செய்தார்கள். ஆயிரம் பேரிடம் தோற்ற மருந்து, சரியான இரண்டு பேரிடம் வேலை செய்தது. இதே பிள்ளைகளுக்கு, மூளைக் கட்டிக்கு வழக்கமாகக் கொடுக்கும் டெமோசோலமைடு மாத்திரை பெரிதாகப் பலிக்காது என்பது கதையின் இன்னொரு பக்கம்.

இதைக் கண்டுபிடிக்க வெளிநாடு போக வேண்டாம். எடுத்த கட்டித் துணுக்கில் நான்கு புரதங்கள் இருக்கின்றனவா என்று சாயம் போட்டுப் பார்க்கும் சோதனை, பெரிய பேத்தாலஜி ஆய்வகங்களில் செய்யக்கூடியது. குடல் புற்றுநோய் நோயாளிகளுக்கு வழக்கமாகச் செய்கிறார்கள். குழந்தையின் உடம்பில் காபி-பால் நிறத்தில் பல திட்டுகள், குடும்பத்தில் இளம் வயது புற்றுநோய், பெற்றோர் நெருங்கிய சொந்தம் என்ற மூன்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். ஒன்றிரண்டு திட்டு நிறைய பேருக்கு இருக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டியதில்லை. "சொந்தத்துல கட்டுனதாலதான் இப்படி" என்று அந்தத் தாயைக் குத்திக்காட்டும் பாட்டிகளும் கொஞ்சம் அடங்க வேண்டும். மூளைக் கட்டி வரும் குழந்தைகளில் மிகப் பெரும்பாலோருக்கு இந்தக் கோளாறு கிடையாது.

காப்பாற்றும் மருந்தே காவலர்களை வீழ்த்தும்போது

கட்டியைச் சுற்றி வீக்கம் வந்து குழந்தை வாந்தியும் தலைவலியுமாகத் துடிக்கும்போது கொடுக்கப்படும் மருந்து டெக்ஸாமெதசோன். ஸ்டீராய்டு. சில மணி நேரங்களில், சில நாட்களில் முகம் தெளிந்துவிடும். உயிர் காக்கும் மருந்து, அதில் சந்தேகமே வேண்டாம். ஆனால் அதே மருந்து டி செல்களை அடக்கிப் போடும். ரேடியேஷனும் கீமோவும்கூட ரத்தத்தில் இருக்கும் வெள்ளை அணுக்களைக் குறைக்கும்.

புகையானுக்கு மருந்து அடித்தால் அதைத் தின்னும் சிலந்தியும் சேர்ந்தே சாகும், பிறகு புகையான் இரண்டு மடங்காகத் திரும்பும் என்று வேளாண் அலுவலர்கள் எச்சரிப்பது டெல்டாவில் தெரிந்த கதை. இம்யூனோதெரபி சோதனைகளில் சேர்க்கும் முன் ஸ்டீராய்டு அளவைக் குறைக்கச் சொல்வதற்குக் காரணம் கிட்டத்தட்ட இதுதான். பெற்றோர் இதைப் படித்துவிட்டு மாத்திரையைத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. "இந்த டோஸ் இன்னும் தேவைதானா, குறைக்கலாமா?" என்று ஒவ்வொரு முறையும் கேட்கலாம். கேட்பதில் தப்பில்லை.

கார்-டி: நம்பிக்கை எங்கே இருக்கிறது?

டி செல்லுக்கு எதிரியைத் தெரியவில்லை என்றால், அதற்கு அடையாள அட்டையைச் சொல்லிக்கொடுத்து அனுப்பினால் என்ன? அதுதான் கார்-டி. குழந்தையின் ரத்தத்தில் இருந்தே டி செல்லைப் பிரித்து, ஆய்வகத்தில் மரபணு மாற்றம் செய்து, பெருக்கி, மறுபடி உடம்பில் செலுத்துவது. 2012-ல் அமெரிக்காவில் எமிலி வைட்ஹெட் என்ற சிறுமிக்கு ரத்தப் புற்றுநோயில் இது பலித்தபோது உலகமே திரும்பிப் பார்த்தது.

டிஐபிஜி செல்களின் மேல் ஜிடி2 எனும் சர்க்கரைக் கொழுப்புப் பொருள் அப்பிக் கிடக்கிறது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் மிஷெல் மோஞ்சே, கிரிஸ்டல் மக்கால் ஆகியோரின் குழு அதைக் குறி வைத்து கார்-டி செல்களை உருவாக்கியது. 2024 நவம்பரில் 'நேச்சர்' இதழில் முடிவு வந்தது. சிகிச்சை பெற்றவர்கள் 11 பேர். 9 பேருக்கு ஏதோ ஒரு வகையில் பலன். 4 பேருக்குக் கட்டி பாதிக்கு மேல் சுருங்கியது. அவர்களில் ஒருவருக்கு ஸ்கேனில் கட்டியே தெரியாத நிலை. ஆரம்பத்தில் ரத்தக் குழாய் வழியாகவும், பிறகு தலையில் பொருத்திய சின்ன அறை வழியாக மூளை நீருக்குள் நேரடியாகவும் செலுத்தினார்கள். நேரடியாகச் செலுத்தியபோது, தாக்குதலை அடக்கிப்போடும் செல்கள் மூளை நீரில் குறைவாக இருந்தன. வாய்க்காலை நம்பாமல் வயலிலேயே தண்ணீர் பாய்ச்சியது போல.

சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனை வேறொரு குறியை, பி7-எச்3 எனும் புரதத்தை, தேர்ந்தெடுத்தது. டிஐபிஜி குழந்தைகளும் இளைஞர்களுமாக 21 பேருக்கு 250-க்கும் மேற்பட்ட தவணைகள் நேரடியாக மூளை நீருக்குள் கொடுத்தார்கள். 2025 ஜனவரியில் வெளியான முடிவின்படி, நோய் கண்டறிந்ததில் இருந்து இவர்கள் வாழ்ந்த காலத்தின் நடுவளவு 19.8 மாதம். மூன்று பேர் மூன்றரை ஆண்டுகளைத் தாண்டி இருந்தார்கள்.

கேட்க நன்றாக இருக்கிறது. கொஞ்சம் நிதானமும் வேண்டும். இப்படிப்பட்ட சோதனையில் சேரும் குழந்தைகள், ரேடியேஷன் முடிந்து ஓரளவு திடமாக இருப்பவர்கள். மிக வேகமாக மோசமாகும் பிள்ளைகள் வாசல் வரைகூட வர முடியாது. அதனால் 19.8 மாதத்தை எல்லாக் குழந்தைகளின் சராசரியோடு அப்படியே ஒப்பிடுவது சரியில்லை. ஒரு குழந்தைக்குக் கட்டி மறைந்து, இன்னொரு குழந்தைக்கு அசையாமல் நின்றது ஏன் என்பதை ஒவ்வொரு வாரமும் எடுத்த மூளை நீரில் தேடிக்கொண்டிருக்கிறார்கள். உள்ளே இருக்கும் மைக்ரோக்ளியாவும் மேக்ரோஃபேஜும் கார்-டி செல்லோடு சேர்கின்றனவா, அதை அமுக்குகின்றனவா என்பதில்தான் விடையின் ஒரு பகுதி இருக்கிறது என்று ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்.

ஆபத்தும் சின்னது இல்லை. டி செல் சண்டையில் இறங்கினால் அந்த இடம் வீங்கும். கை காலில் வீங்கினால் பரவாயில்லை, மூளைத்தண்டில் வீங்கினால் மூச்சு நிற்கலாம். அதனால் தலையில் பொருத்திய அறை வழியாக அழுத்தத்தை அளந்து, நீரை எடுத்து, தீவிர சிகிச்சைப் பிரிவில் வைத்துப் பார்த்துக்கொள்கிறார்கள். சியாட்டிலில் ஒருவருக்குக் கட்டிக்குள் ரத்தக்கசிவு ஏற்பட்டது. தெருமுனை கிளினிக்கில் செய்யக்கூடிய காரியம் இல்லை என்பதற்காகச் சொல்கிறோம்.

இதற்கிடையே எதிர்ப்பு மண்டலம் சம்பந்தப்படாத மாத்திரை வழியும் திறந்திருக்கிறது. மெதுவாக வளரும் கிளையோமாவில் குறிப்பிட்ட மரபணு மாற்றம் இருந்தால் டாப்ரஃபெனிப், ட்ரமெடினிப் ஜோடிக்கு 2023-லும், டோவோரஃபெனிப்புக்கு 2024-லும் அமெரிக்கா ஒப்புதல் கொடுத்தது. டிஐபிஜி உள்ளிட்ட கட்டிகளில் எச்3 கே27எம் எனும் மாற்றம் இருப்பவர்களுக்கான டோர்டாவிப்ரோன் 2025 ஆகஸ்டில் அங்கே ஒப்புதல் பெற்றது. அதற்கு ஆதாரமான 50 பேரில் கட்டி சுருங்கியது 22 சதவீதம் பேருக்கு. அதிசய மருந்து என்று சொல்ல முடியாது, ஆனால் ஒன்றுமே இல்லாத இடத்தில் ஒன்று.

இந்தியாவில் என்ன கிடைக்கிறது?

இங்கேதான் நிறைய குழப்பம். "இந்தியாவிலேயே கார்-டி வந்துடுச்சு" என்பது உண்மை. ஐஐடி மும்பையும் டாடா மெமோரியல் மருத்துவமனையும் சேர்ந்து உருவாக்கிய நெக்ஸ்கார்19, 2023 அக்டோபரில் ஒப்புதல் பெற்றது. 2024 ஏப்ரல் 4-ல் குடியரசுத் தலைவர் திரௌபதி முர்மு அதை நாட்டுக்கு அர்ப்பணித்தார். வெளிநாட்டில் கோடிகளில் ஆகும் சிகிச்சை, இங்கே சுமார் 30 முதல் 40 லட்சம் ரூபாய் என்று அப்போது சொல்லப்பட்டது.

ஆனால் அது குறி வைப்பது சிடி19 எனும் அடையாளத்தை. சில வகை ரத்தப் புற்றுநோய்களில்தான் அது இருக்கும். மூளைக் கட்டியில் இல்லை. ஒரு வீட்டுச் சாவி இன்னொரு வீட்டுக்குச் சேராது. ஆகவே "கார்-டி இருக்கு, நிலத்தை வித்தாவது பண்ணிடலாம்" என்று யாராவது சொன்னால், முதலில் எந்தக் குறிக்கான கார்-டி என்று கேட்க வேண்டும்.

ஜிடி2-வைக் குறி வைக்கும் இன்னொரு மருந்து டினுடுக்ஸிமாப். நியூரோபிளாஸ்டோமா எனும் வேறொரு குழந்தைப் புற்றுநோய்க்கானது. இதைத் தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இறக்குமதி செய்தால் ஜிஎஸ்டி இல்லை என்று 2023 ஜூலையில் ஜிஎஸ்டி கவுன்சில் முடிவெடுத்தது. வரி போனாலும் விலை சாதாரணக் குடும்பத்துக்கு எட்டாத உயரம்தான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை தருகிறது. அறுவை சிகிச்சை, ரேடியேஷன், வழக்கமான கீமோ ஆகியவற்றுக்கு அந்தத் தொகை பெரிய கைதாங்கல். புதுவகை சிகிச்சைகளுக்கு அது போதாது.

இந்த இடைவெளியில்தான் சிலர் கடை விரிக்கிறார்கள். 'எதிர்ப்பு சக்தி ஊசி', 'உங்கள் ரத்தத்தில் இருந்தே செல் மருந்து' என்று வாட்ஸ்அப்பில் வரும் விளம்பரங்களுக்கு ஒரு எளிய சோதனை உண்டு. இந்தியாவில் நடக்கும் மருத்துவச் சோதனைகள் சிடிஆர்ஐ எனும் அரசுப் பதிவேட்டில் இருக்க வேண்டும். 2009 ஜூனில் இருந்தே இது கட்டாயம். பதிவு எண்ணைக் கேளுங்கள், இணையத்தில் போட்டுப் பாருங்கள். சோதனைக் கட்டத்தில் இருக்கும் மருந்துக்கு லட்சக்கணக்கில் பணம் கேட்டால் எழுந்து வந்துவிடலாம்.

மன்னார்குடியில் நடக்க வேண்டியது என்ன?

கார்-டி எல்லாம் வருவதற்கு முன்பே, இன்றைக்கே பலன் தரும் ஒரு விஷயம் இருக்கிறது. சீக்கிரம் கண்டுபிடிப்பது. காலையில் எழுந்ததும் தலைவலி, வெறும் வயிற்றில் வாந்தி, பிறகு நாளெல்லாம் சாதாரணம். இது வாரக்கணக்கில் திரும்பத் திரும்ப வந்தால் 'வயித்துக்கோளாறு', 'பள்ளிக்கூடம் போகப் பயம்', 'கண்ணாடி போடணும்' என்று தள்ளிப் போட்டுவிடுகிறோம். புதிதாக வந்த மாறுகண், ஒரு பக்கம் கோணும் வாய், நடையில் தள்ளாட்டம், எப்போதும் சாய்த்தே வைத்திருக்கும் கழுத்து, வேகமாகப் பெரிதாகும் கைக்குழந்தையின் தலை, திடீரென்று மாறும் கையெழுத்து இவையும் கவனிக்க வேண்டியவை. டிஐபிஜியில் இந்த மாறுகண்ணும் தள்ளாட்டமும் சில வாரங்களிலேயே வந்துவிடும்.

பிரிட்டனில் 2011-ல் 'ஹெட்ஸ்மார்ட்' என்ற பெயரில் இந்த அறிகுறிகளைப் பெற்றோருக்கும் மருத்துவர்களுக்கும் ஒரு சின்ன அட்டையில் அச்சடித்துக் கொடுத்தார்கள். அறிகுறி தொடங்கி நோய் உறுதியாகும் வரை 14 வாரத்துக்கு மேல் ஆன இடத்தில், சில ஆண்டுகளில் 7 வாரத்துக்குக் கீழே வந்தது. அட்டை அச்சடிக்க ஆகும் செலவு எவ்வளவு இருந்துவிடப் போகிறது? அங்கன்வாடியிலும் தொடக்கப் பள்ளியிலும் ஒட்டினால் போதும்.

சென்னை போக வேண்டி வந்தால் வழிகள் உண்டு. மன்னை எக்ஸ்பிரஸ் போய் நிற்கும் எழும்பூரிலேயே அரசு குழந்தைகள் நல மருத்துவமனை இருக்கிறது. அடையாறு புற்றுநோய் மருத்துவமனை, வேலூர் சிஎம்சி, புதுச்சேரி ஜிப்மர் ஆகியவை குழந்தைப் புற்றுநோயில் நீண்ட அனுபவம் உள்ளவை. தரமணியில் 2019-ல் திறந்த தனியார் மையத்தில் புரோட்டான் ரேடியேஷன் வசதி உண்டு. வளரும் மூளையில், தேவையில்லாத பகுதிக்குக் கதிர் போவதைக் குறைக்கும் முறை அது. எல்லாப் பிள்ளைக்கும் அது அவசியம் என்றில்லை, கட்டியின் வகையைப் பொறுத்தது.

முதல் அறுவை சிகிச்சை எங்கே நடந்தாலும், எடுத்த கட்டியை என்ன செய்தார்கள் என்று கேட்பது முக்கியம். பலர் கேட்பதில்லை. ரிப்போர்ட் காகிதம் மட்டும் கையில் இருக்கும். கட்டித் துணுக்கை மெழுகில் பதித்து வைத்திருக்கும் சின்னக் கட்டிக்கு 'பிளாக்' என்று பெயர். எந்தப் பிரிவு மெடுல்லோபிளாஸ்டோமா, எச்3 கே27எம் இருக்கிறதா, பிழைதிருத்தும் புரதங்கள் இருக்கின்றனவா, நாளைக்கு ஒரு புதிய மருந்து வந்தால் அது பொருந்துமா என்ற எல்லாக் கேள்விக்கும் பதில் அந்த விரல் நுனி அளவு மெழுகில்தான் இருக்கிறது. வேறு மருத்துவமனைக்கு மாறும்போது பேத்தாலஜி பிரிவில் டிஸ்சார்ஜ் சம்மரியையும் அடையாள அட்டையையும் காட்டி எழுதிக் கொடுத்தால், பதிவேட்டில் எண்ணைக் குறித்துக் கையெழுத்து வாங்கிக்கொண்டு பிளாக்கைத் தருவார்கள். ஸ்கேன் கவருக்குள் போடாமல், டப்பாவில் வைத்து, வெயில் படாமல் கொண்டு போக வேண்டும். மெழுகு உருகிவிடும்.